காப்பாளர் கையொப்பம்

முதிர்ந்த பிராயத்தில் உயர்கல்வி பயில்வோரைக் குறித்துப் பெரிய காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பகல் முழுதும் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்துவிட்டு இந்த மாலையில் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும் நெசவாள நண்பர்களே!

இந்தச் சபையார் என்னை அழைத்தபோது ‘கல்வியின் பெருமை’ என்ற பொருளில் பேசும்படி பணித்தார்கள். பசித்து வந்தவனை வாசலில் நிறுத்திவைத்துச் சோற்றின் ருசியை வர்ணிப்பது எப்படியோ, அப்படித்தான் கற்க வழியில்லாமல் போனவரிடம் கல்வியின் பெருமையைப் பேசுவதும் என்று எனக்குப் பட்டதால், படிக்க வேண்டிய வயதில் படிக்க முடியாமல் போய், குடும்பமும் தொழிலும் தோளில் ஏறிய பிறகு சர்வகலாசாலையின் வாசலைத் தேடி வருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேனே என்று கேட்டுக்கொண்டேன். பெரிய மனத்தோடு அதற்கு இசைந்தார்கள்.

விஷயத்துக்குள் நுழையுமுன் ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பொருளாதாரம் கற்பிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐம்பது வயதை எட்ட இன்னும் இரண்டே ஆண்டு குறைவாயிருந்த நெசவாளி ஒருவர், பட்டப்படிப்பில் சேரும் விண்ணப்பப் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவருடைய தகப்பனார் காலமாகி இருபது வருஷம் ஆகிவிட்டது. ஆகவே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினார். பூர்த்தி செய்யப்படாத விண்ணப்பம் என்று குறிப்பெழுதிப் பல்கலைக்கழக அலுவலகத்தார் அதைத் திருப்பிவிட்டார்கள். என்ன செய்வதென்று அவர் கேட்டபோது எனக்கும் விடை தெரியவில்லை. அவருடைய மகள், அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பெண், பேனாவை எடுத்துத் தன் பெயரைக் கையெழுத்திட்டு, பக்கத்தில் ‘உறவுமுறை: மகள்’ என்றும் எழுதி அனுப்பிவைத்தாள். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதல் முறை யோசியாமல் திருப்பியவர்கள் இரண்டாம் முறை படித்துப் பாராமலே ஏற்றுக்கொண்டார்கள் என்று நாங்கள் மூவரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு அந்தக் கட்டம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. படிவத்தை அச்சிட்டவருக்கு நெசவாளியின்மேல் துவேஷம் ஒன்றும் இல்லை. மாணவன் என்றாலே தகப்பன் கைபிடித்து வருகிற பிள்ளை என்ற எண்ணம் அவருக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது, அவ்வளவுதான். நம் ஊரிலும் அந்த எண்ணம் குறைவா என்ன? நாற்பது வயதுப் பெண் ஒருத்தி புத்தகத்தைத் திறந்தால், “இந்த வயசுல படிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போற?” என்று மாமியார் கேட்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிடுகிறாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஆத்திசூடியில் ஔவையார் இளம் பருவத்திலேயே கற்கும்படி சொன்னதை ஊரெல்லாம் ஒப்பிக்கிறது. அதே ஆத்திசூடியில், அதற்கு முன்பாகவே, ஓதுவதை ஒருபோதும் விட்டுவிடாதே என்று அந்தப் பாட்டி சொல்லியிருப்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

கற்பதற்கு வயது வரம்பு கட்டும் வழக்கம் இந்த நகரத்தின் பூர்வ சம்பிரதாயமும் அன்று. கர்நாடக மாநிலத்தில் தாளகுண்டா என்ற சிற்றூரில், ஒரு கல்தூணில், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சம்ஸ்கிருத சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. கதம்ப வம்சத்தை ஸ்தாபித்த மயூரசர்மன் தன் குருவான வீரசர்மனோடு பல்லவர் தலைநகரத்துக்கு வந்து, சாஸ்திரங்களை முற்றும் கற்கும் ஆவலினால் இங்கிருந்த கடிகை என்னும் உயர்கல்விச் சாலையில் புகுந்தான் என்று அது சொல்லுகிறது. நான்காம் நூற்றாண்டில் நடந்த செய்தி இது. குருவையும் கூட அழைத்துக்கொண்டு ஒருவன் வந்தான் என்றால், அரிச்சுவடி படிக்க வந்த பாலகனாக அவன் இருந்திருக்க முடியாது. ஊரில் கற்கவேண்டியதைக் கற்றுத் தீர்த்து, மேலும் கற்கும் தாகத்தோடு வந்தவனாகவே இருக்க வேண்டும். இங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த சச்சரவில் மனம் புண்பட்டு, தர்ப்பையைப் பிடித்த கையால் வாளைப் பிடித்து அவன் அரசனானது வேறு கதை. இதே பெரிய காஞ்சிபுரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், நந்திவர்ம பல்லவமல்லனுக்கு முடிசூட்டிய வரலாற்றைச் சொல்லும் கல்வெட்டில் அமாத்தியர்களோடும் ஊராரோடும் கடிகையாரும் எண்ணப்பட்டிருப்பதை அறியலாம். கற்றோர் கூட்டம் ராஜ்யத்தின் ஓர் அங்கமாக மதிக்கப்பட்ட ஊர் இது.

ஆனால் பழம்பெருமையைப் பேசுகிறவன் பாதியோடு நிறுத்திக்கொண்டால் அது பொய்யாகிவிடும். அந்தக் கடிகை வயதைக் கேட்காமல் இருந்திருக்கலாம், பிறப்பைக் கேட்டது. பட்டு நெய்தவனும் பானை வனைந்தவனும் அதன் வாசற்படியில் நின்று பார்த்திருப்பார்களேயன்றி உள்ளே சென்றிருக்கமாட்டார்கள். அந்தக் கதவு திறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. திறந்த பிறகும் இந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் உள்ளே போக முடியாதபடி தடுத்த காரணம் வேறொன்று இருந்தது. அது உங்கள் வீட்டு நடுக்கூடத்திலேயே இருந்தது என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரம் பட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உடலின் ஊடும் கரையின் ஊடும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பற்றிக்கொள்ள வேண்டும். ஒரே நாடாவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓட்டி இதை நெய்ய முடியாது. மூன்று நாடாக்கள் வேண்டும். ஆகவே நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைத்தான் கோர்வைக்கு உட்காருவது என்கிறோம். பெரிய பலம் வேண்டாத, ஆனால் நெசவாளி எழுந்திருக்கும்வரை தானும் எழுந்திருக்க முடியாத அந்த வேலைக்கு யார் உட்கார்ந்தார்கள்? எட்டு வயது, ஒன்பது வயது, பத்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சொந்தப் பிள்ளை உட்கார்ந்தது. சொந்தப் பிள்ளை இல்லாத தறியில், முன்பணம் வாங்கிய ஏழையின் பிள்ளை அந்தக் கடன் தீரும்வரை உட்கார்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஆயினும் 2003ஆம் ஆண்டில் சர்வதேச மனித உரிமை ஸ்தாபனம் ஒன்று இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, அதில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. நெசவாளர் தெருக்களில் காலை எட்டரை மணிக்குச் சீருடை அணிந்த பிள்ளைகள் சாரிசாரியாகப் போவதைப் பார்க்கிறபோது நெஞ்சு குளிர்கிறது. ஆனால் அன்று கோர்வைக்கு உட்கார்ந்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. என் திண்ணைக்குப் படிவத்தோடு வந்தவர் அவர்களில் ஒருவர்.

படிப்பின் நடுவே ஜீவனம் குறுக்கிடுவது சாமானியர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இந்த ஊரில் நெசவுத் தொழில் மரபுள்ள குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, இங்குள்ள பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். குடும்பத்தின் பொருள் முட்டுப்பாட்டினால் படிப்பை நிறுத்தி, இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். அதன் பின்னரே சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். மாணவராக இருக்கையிலேயே விவாகமும் ஆயிற்று. கல்லூரிப் படிப்பை முடித்தது 1934இல், இருபத்தைந்தாவது பிராயத்தில். அந்த எழுத்தர் நாற்காலியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டிருந்தால் தமிழ்நாட்டின் சரித்திரம் எப்படி ஆகியிருக்கும் என்று யோசிப்பதைவிட, அவரைப்போல் எழுந்து போக முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசிப்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

உலகம் இவர்களை அடியோடு மறந்துவிடவில்லை. லண்டன் மாநகரத்தில் 1823ஆம் ஆண்டு, பகலில் பட்டறையில் உழைப்பவர்கள் மாலையில் வந்து விஞ்ஞானம் கேட்பதற்கென்று ஜார்ஜ் பெர்க்பெக் என்ற வைத்தியர் முன்னின்று தொடங்கிய சங்கம், இன்று அவர் பெயரையே தாங்கிய கலாசாலையாக மாலை வகுப்புகளை நடத்திவருகிறது. சுரங்கத் தொழிலாளியின் மகளான ஜென்னி லீ அம்மையார் மந்திரியாக இருந்து முனைந்ததன் பயனாக, 1969இல் அந்நாட்டில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றி, 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. நீ முன்பு என்ன தேறினாய் என்று கேட்காமல், வீட்டுக்கே தபாலிலும் தொலைக்காட்சியிலும் பாடத்தை அனுப்பிவைத்தது. இருபத்தொரு வயதுக்குமேல் பட்டப்படிப்புக்கு வருகிறவர்களை முதிர்ந்த மாணவர் என்று அங்கே தனியே கணக்கிடவும் செய்கிறார்கள்.

நம் தேசத்திலும் முயற்சிகள் பிந்திவிடவில்லை. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று; தமிழ்நாட்டில் மதுரை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் அந்த வழியைத் திறந்தன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் பிறந்தன. நெசவாளர்க்கென்றே ஓர் ஏற்பாடும் உண்டு: 2016ஆம் ஆண்டு தேசியக் கைத்தறி நாளன்று, மத்திய ஜவுளி அமைச்சகம் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தோடும் இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, நெசவாளர் குடும்பங்களைச் சேர்ந்த தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர், பெண்கள் ஆகியோரின் படிப்புக் கட்டணத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை அரசே ஏற்கும் என்று அறிவித்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்தச் சபையில் இருக்கும் நெசவாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கைதூக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் அதைக் கேட்காமல் விடுகிறேன்.

கதவு இருக்கிறது, அப்படியானால் குறை எங்கே? முதற்குறை, நாம் கணக்குப் போடுகிற முறையிலேயே இருக்கிறது. உயர்கல்வியில் ஒரு மாநிலம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு மொத்தச் சேர்க்கை விகிதம் என்று ஒன்றைச் சொல்லுகிறார்கள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு அது 28.4; தமிழ்நாட்டுக்கு 47. பெருமைப்பட வேண்டிய எண்தான். அது எப்படி வருகிறது? கலாசாலைகளில் சேர்ந்திருக்கும் எல்லாரையும் வயது பாராமல் மேலே எழுதிக்கொள்கிறார்கள். கீழே, பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயதுவரை உள்ள ஜனத்தொகையை மட்டும் எழுதி வகுக்கிறார்கள். என் நாற்பத்தெட்டு வயது நெசவாளி பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் மேலே ஒரு தலையாக எண்ணப்பட்டு நம் பெருமையைக் கூட்டுகிறார். சேராவிட்டாலோ, கீழே அவர் இல்லவே இல்லை. அவர் படிக்காமல் இருப்பது எந்தக் கணக்கிலும் குறையாக விழுவதில்லை. வந்தால் லாபக் கணக்கில் உண்டு, வராவிட்டால் நஷ்டக் கணக்கில் இல்லை என்கிற ஒரு மனிதனைத் தேடிக்கொண்டு எந்த அதிகாரி தெருவில் இறங்குவார்?

இரண்டாம் குறையைச் சொல்லும்போது நம் பல்கலைக்கழகங்களையும் கண்டித்தே ஆக வேண்டியிருக்கிறது. பள்ளி இறுதி வகுப்பைத் தேறாதவரும் வயது நிரம்பியிருந்தால் பட்டப்படிப்பில் சேரலாம், பட்டமே பெறாதவரும் நேரே முதுகலையில் சேரலாம் என்று திறந்தவெளி முறை என்ற பெயரில் ஒரு காலத்தில் வாசலை அகலத் திறந்தார்கள். திறந்ததில் தயையும் இருந்தது; கட்டண வருமானத்தில் கண்ணும் இருந்தது. உள்ளே வந்தவனுக்குப் பாடம் சொல்ல ஆள் போதவில்லை. அச்சடித்த புத்தகத்தைத் தபாலில் அனுப்பினால் கடமை தீர்ந்தது என்று இருந்தார்கள். பிறகு 2009ஆம் ஆண்டில், முதற்பட்டம் இல்லாமல் இந்த வழியில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்துப் பெற்ற பட்டங்களே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில் ஆணையிட்டது. தீர்ப்பின் நியாயத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. அஸ்திவாரம் இல்லாத மாடி நிற்காது. ஆனால் மாடியைக் கட்டி விற்றவன் யார், பணம் கொடுத்து வாங்கியவன் யார், இடிந்தபோது தெருவில் நின்றவன் யார் என்று பார்க்க வேண்டாமா? இரவெல்லாம் விழித்துப் படித்துப் பெற்ற பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மறுபடியும் பள்ளிப் பரீட்சைக்குப் பணம் கட்டிய மனிதர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவர் என்னிடம், “ஐயா, நான் மேலேயிருந்து கீழே படிச்சுக்கிட்டு வர்றேன்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான்தான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாவது குறை நுட்பமானது. முதிர்ந்த மாணவனை நாம் அதிசயப் பொருளாக்கிவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு பீகாரில் ராஜ்குமார் வைஷ்யா என்ற பெரியவர் நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமது 98ஆம் வயதில் பொருளாதார முதுகலைப் பரீட்சையில் தேறினார். பத்திரிகைகள் எல்லாம் அவர் படத்தை வெளியிட்டன. அவரை இங்கிருந்தே வணங்குகிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிற நமக்கு, முதிர்ந்த வயதுப் படிப்பு என்பது தெய்வ அனுக்கிரகம் பெற்ற ஓரிருவருக்கு வாய்ப்பது என்ற அபிப்பிராயமே மிஞ்சுகிறது. அதிசயத்துக்கு யாரும் நூலகத்தில் விளக்குப் போட்டுவைப்பதில்லை.

அப்படியானால் சாதாரண முதிர்ந்த மாணவன் எப்படியிருப்பான்? என் வகுப்பிலேயே காட்டுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூலி முறைகளைப் பற்றிப் பாடம். காலக்கூலி, பொருட்கூலி என இரு வகை. பொருட்கூலியில் வேகமாக வேலை செய்கிறவனுக்கு அதிகம் கிடைப்பதால் உழைப்பில் ஊக்கம் பிறக்கிறது என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொல்லிக்கொண்டுபோனேன். கடைசி பெஞ்சில் இருந்த நம் நெசவாளி மெல்ல எழுந்தார். “ஐயா, ஒரு சேலைக்கு ஒரு கூலின்னு சங்கத்துப் பாஸ் புத்தகத்துல என் பேர்ல எழுதறாங்க. தார் சுத்தறது என் சம்சாரம். கோர்வைக்கு உட்கார்றது என் தம்பி சம்சாரம். பாவு போடறப்ப தெருவுல நாலு பேர். இதுல வேகம் யாரோட வேகம்? ஊக்கம் யாருக்கு?” என்றார். வகுப்பு முழுதும் என்னைப் பார்த்தது. புத்தகத்தில் விடை இல்லை, என்னிடமும் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த வாரம் முழுதும் சம்பளமில்லாத குடும்ப உழைப்பைப் பற்றிப் படித்தேன். இருபது வருஷமாக நான் கற்பித்த பாடத்தை முதன்முறையாக நானே கற்றது அந்த வாரத்தில்தான். இருபது வயது மாணவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டான். அவன் கெட்டிக்காரத்தனத்தில் குறைந்தவன் என்பதால் அன்று, பாஸ் புத்தகத்தில் பெயர் ஏறாதவர்களோடு இருபது வருஷம் வாழ்ந்து பார்க்காதவன் என்பதால்.

அதே மனிதர் பரீட்சையில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பட்டு இழையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் அறிகிற கை அது. மூன்று மணி நேரம் தொடர்ந்து பேனா பிடிக்க அந்தக் கையால் இயலவில்லை. இரண்டாம் மணியில் விரல்கள் மடங்கிக்கொண்டன. தெரிந்த விடைகளில் இரண்டை எழுதாமலே வெளியே வந்தார். பின்பு தினந்தோறும் தறியைவிட்டு எழுந்ததும் ஒரு மணி நேரம் எதையாவது பார்த்து எழுதிப் பழகினார். படிப்பு வராதவர் என்று எந்த அட்டவணையிலாவது அவரைச் சேர்த்திருந்தால் எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்!

இவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று கல்வி நிபுணர்கள் பல நூல்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது விளங்கியது ஒரு தறிக்குழியின் ஓரத்தில். ஒரு பாவு நெய்து முடிந்ததும் நெசவாளி அதன் கடைசிவரை அறுத்து எடுத்துவிடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழைகளின் நுனியைச் சிறிது விட்டுவைக்கிறார். புதுப் பாவு வந்ததும், பாவு பிணைக்கிறவர் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நுனி ஒன்று, புது நுனி ஒன்று என்று எடுத்து, விரலால் ஒரு முறுக்கு முறுக்கி, ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டே போகிறார். பிறகு முன்னால் இழுத்தால், புதுப் பாவு முழுதும் பழைய வழியாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. பழைய நுனியை வெட்டி எறிந்துவிட்டால் அச்சையும் விழுதையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். எத்தனை நாள் உழைப்பு வீணாகும் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வயது மாணவனிடம் அந்தப் பழைய நுனி இருக்கிறது. நிறங்களின் பொருத்தம் தெரியும், ஜரிகையின் விலை ஏறி இறங்குவது தெரியும், சங்கத்தின் கணக்கும் வட்டியின் கொடுமையும் தெரியும். நம் பாடத்திட்டம் இவை ஒவ்வொன்றையும் அறுத்து எறிந்துவிட்டு, பதினேழு வயதுப் பிள்ளையாக அவனைப் பாவித்து முதலிலிருந்து கோக்கத் தொடங்குகிறது. பிறகு, சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறது.

இனிச் செய்யத்தக்கது என்ன என்று கேட்பீர்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஓர் ஆண்டு படித்து நின்றால் சான்றிதழ், ஈராண்டுக்குப் பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம் என்று இடையில் நிற்கவும் திரும்பி வரவும் வழி சொல்லுகிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளைப் பற்றி நம்மிடையே கடுமையான விவாதம் இருப்பது எல்லாரும் அறிந்ததே. அந்த விவாதம் முடியும்வரை காத்திராமல், இந்த ஊர் தானே செய்துகொள்ளக்கூடிய சில காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

திறந்தநிலைப் பரீட்சைகள் பெரும்பாலும் ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் வருகின்றன. டிசம்பருக்கு முன்னே ஐப்பசி, கார்த்திகை மழை. குழித்தறியில் ஈரம் ஏறும், தெருவில் பாவு போட முடியாது, வேலை நிற்கும். படிப்பதற்கு அதைப்போல் அவகாசம் கிடையாது. ஆனால் வேலை நின்றால் கூலியும் நிற்பதால், பரீட்சைக் கட்டணம் செலுத்தவேண்டிய மாதத்தில் கையில் காசு இருக்காது. கூட்டுறவுச் சங்கங்கள் பண்டிகைக்கு முன்பணம் கொடுப்பதுபோல் பரீட்சைக்கும் கொடுக்கலாம். பரீட்சை எழுதுகிற நாளுக்கு ஒரு சிறு தொகையைக் கூலியாகவே வைத்தும் கொடுக்கலாம். பொருட்கூலிக்கு உழைக்கிறவனுக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது. அவன் பரீட்சை எழுதும் ஒவ்வொரு நாளும் தன் சொந்தக் கூலியைக் கட்டிவிட்டே எழுதுகிறான். நூலகம் மாலையோடு சாத்தப்படாமல் இரவு பத்து மணிவரை திறந்திருக்க வேண்டும்; தறியைவிட்டு எழுந்து, குளித்து, சாப்பிட்டு வருகிறவனுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. பெண்களுக்கு அதுவும் போதாது. இரவு ஒன்பது மணிக்குமேல் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுத்தான் அவர்கள் புத்தகத்தைத் தொட முடியும் என்பதால், தெருவுக்கு ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து படிக்க ஓர் அறையும், வாரம் ஒருமுறை வந்து சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியரும் வேண்டும். இந்த ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. நானே முதல் பெயரைக் கொடுக்கிறேன்.

இவற்றைத் தர்மம் என்று நினைத்துச் செய்ய வேண்டாம் என்பதே இன்று நான் சொல்ல வந்த வார்த்தை. தர்மம் செய்கிறவனுக்கு இஷ்டமிருந்தால் செய்யலாம், கை சலித்தால் நிறுத்தலாம். இது கடன். முகூர்த்தத்துக்கு வந்து இந்த ஊர்ச் சேலையை வாங்கிச் சென்ற ஒவ்வொரு குடும்பமும், விற்ற ஒவ்வொரு கடையும், அந்த வியாபாரத்தால் செழித்த ஒவ்வொரு வீதியும், அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து நேரத்தில் ஒரு பங்கை வாங்கி அனுபவித்திருக்கின்றன. அன்று தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை உட்கார்ந்து கடன் தீர்த்தது. அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கத்துக் கணக்கை இதுவரை யாரும் எழுதவில்லை. அதை எழுதினால், கடன்பட்டவர்கள் நாமாகவும் வரவேண்டியவர்கள் அவர்களாகவும் இருப்பார்கள்.

என் திண்ணைக்கு வந்த நண்பர் பட்டம் பெற்றாரா என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. இன்னும் இரண்டு தாள் பாக்கி. இந்த டிசம்பரில் எழுதுகிறார். அவருக்கு அன்று காப்பாளராகக் கையெழுத்திட்ட பெண் விவாகமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அதே படிவத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவர் வருவார். அந்தக் கட்டம் அப்போதும் அங்கேயே இருக்கும். அதை எடுத்துவிடும்படி நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வருகிறவரைக்கும் அந்தக் கட்டம் வெறுமையாகத் திரும்பி வரக்கூடாது. பேனா என் பையில் இருக்கிறது; உறவுமுறை என்ற இடத்தில் ‘ஊரார்’ என்று எழுதுவதாக உத்தேசம். என்னோடு சேர்ந்து கையெழுத்திட விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் சற்று நின்று பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.